வாத்தியார் கட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

முப்பத்தோர் ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆய்வகப் பதிவேடுகளைத் திருத்தியவன் நான். நோக்கம், கருவிகள், செய்முறை என்று தலைப்பிடாமல் எதையும் தொடங்க வராது. இந்த நோட்டில் எழுதப்போவது இவை:

1. எங்கள் பழைய டிராக்டரின் இப்போதைய நிலை.
2. பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் அந்த வண்டியை, நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி மாற்றும் முறை. அளவுகள், கணக்கு.
3. சென்ற நவம்பரில் ஓடைமேட்டில் என் மகன் நந்தகோபாலுக்கு நேர்ந்தது, வண்டிக்கு முன்சக்கர இழுவை இல்லாததால் நேர்ந்தது என்பதற்கான விளக்கம்.
4. சோதனை ஓட்டம்.
5. மருமகள் கோகிலவாணி அந்த மேட்டில் வண்டி ஓட்டலாமா, கூடாதா என்ற முடிவு.

வரிசை மாறலாம். எனக்கு எழுபத்திரண்டு வயது. நினைவில் பிழை இருக்கலாம்.

சென்ற வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கோகிலா சொன்னாள்: "அக்கரைக் காடு ஒரு வருசமாச் சும்மாக் கெடக்குதுங்க மாமா. வாடகை வண்டிக்காரங்க ஒருத்தரும் அந்த மேட்டுல ஏற மாட்டேங்கறாங்க. மழைக்கு முந்தி நானே ஓட்டி உழுதுக்கறேன்."

நான் தட்டை நகர்த்தி வைத்தேன். ஓடைக்கு அக்கரையில் எங்களுக்கு மூன்று ஏக்கர். போக ஒரே தடம். ஓடையில் இறங்கி எதிர்க்கரையில் ஏறவேண்டும். செம்மண் மேடு, பதினெட்டுப் பாகை சாய்வு. அளந்திருக்கிறேன்.

"முதல்ல வண்டிய நாலு சக்கர இழுவையா மாத்திருவோம் அம்மிணி. அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த வேலை ஆறு மாதம் இழுக்கும், பருவம் போய்விடும் என்று எண்ணியிருக்கலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தார்ப்பாயை எடுத்தோம். எடுத்தது கோகிலா. நான் கயிற்றை மட்டும் அவிழ்த்தேன்.

நிலை: ஸ்டியரிங் வளையம் நசுங்கி நீள்வட்டமாக இருக்கிறது. இடப்பக்க மட்காப்பு (மட்கார்டு) மடிந்து டயரைத் தொடுகிறது. இருக்கையின் முதுகுப்பகுதி இல்லை. எஞ்சினில் பழுது எதுவும் தெரியவில்லை. பேட்டரியை மாற்றியதும் இரண்டாவது முயற்சியில் உறுமியது. நான் நான்கு அடி பின்னால் நகர்ந்தேன். கோகிலா நகரவில்லை. மட்காப்பின் மேல் கைவைத்து நின்றிருந்தாள்.

இழுவைச் சங்கிலி வண்டியிலேயே தொங்கியது. அதைக் கழற்றி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உடைந்த ஓடுகளுக்கு அடியில் வைத்தேன். துருப்பிடிக்காமல் இருக்க.

ஆகஸ்ட் 13, புதன்

ஒட்டன்சத்திரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தர் வந்து பார்த்தார். ஐம்பது வயது. எதையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவார். வண்டியை நாலு இடத்தில் தட்டினார். பிறகு என் தோளையும் தட்டினார்.

"காயலான் கடையில ஒரு நாலு சக்கர வண்டியோட முன்அச்சு கெடக்கு சார். கியர் பல்லெல்லாம் பழுதில்லாம இருக்கு. கியர்பெட்டிக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி செஞ்சு, சுத்துற தண்டு, சாஃப்ட் ஒண்ணு முன்னால விட்டா முடிஞ்சது. ஆனா வேகம் ஒத்துப்போகணும். அந்தக் கணக்கு எனக்கு வராது. நீங்க போட்டுக் குடுத்துருங்க."

"நான் போட்டால் தவறாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

"என்னா சார் நீங்க! இந்தச் சுத்துவட்டாரத்துல அத்தன பயலும் உங்க கணக்கை நம்பித்தான சங்கிலி மாட்றான்?"

கோகிலா காப்பி கொண்டுவந்தாள். பேச்சு மாறியது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, களத்தில் பத்துச் சுற்று உருட்டி அளந்தேன்: முப்பத்தொன்பது மீட்டர் நாற்பது. புதிதாக வரும் முன்சக்கரத்துக்குப் பத்துச் சுற்று இருபத்தொன்பது மீட்டர் பத்து. ஆக, பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது முன்சக்கரம் ஒன்று புள்ளி மூன்று ஐந்து சுற்ற வேண்டும். சரியாக அவ்வளவு இருந்தாலும் போதாது. முன்சக்கரம் நூற்றுக்கு மூன்று பங்கு முந்திப் போகவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்துப் பற்களை உடைத்துவிடும்.

இதைச் சொன்னபோது சிக்கந்தர், "சரிதான் சார். முன்னால போறவன் கொஞ்சம் வெரசாப் போகாட்டி, பின்னால வர்றவன் மிதிச்சுருவான்ல?" என்றார். கோகிலா சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒன்பது மாதம்.

அன்று மாலையே, டயரில் காற்று குறைவாக இருந்திருக்கலாம் என்று சொல்லி மறுபடி அளக்கவேண்டும் என்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் நால்வர் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். கடைசியாகப் பேசியவன், "உங்க கட்டுப் போட்டுத்தான் சார் நேத்துக் கரும்பு வண்டிய வெளிய எடுத்தோம்" என்றான். நன்றி சொல்லி வைத்தேன்.

அந்தக் கட்டைப் பற்றி இங்கே எழுதுவது முறை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்து வேலுமணியின் வண்டி, சேற்றுவயலில் ஒரு பாரத்தை இழுக்க முடியாமல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. நான் தாளில் வரைந்து காட்டினேன். சங்கிலியைப் பின்னால் தாழ இருக்கும் இழுவைப் பட்டையில் மாட்டாமல், இருக்கைக்குக் கீழே, அச்சுக்கு மேலே, கலப்பை, ரோட்டவேட்டர் போன்ற உழவுக் கருவிகளின் மேல்கையைப் பூட்டும் டாப் லிங்க் துளையில் மாட்டினால், இழுக்கும்போது முன்பக்க எடை பின்சக்கரங்களுக்கு மாறும். பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். அப்படியே மாட்டினார்கள். வண்டி இழுத்துவிட்டது. அன்றே அதற்கு ‘வாத்தியார் கட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதுவரை நான் சொல்லி யாரும் எதையும் செய்ததில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வண்டி பட்டறையில். சிக்கந்தரிடம், அந்த டாப் லிங்க் துளையை வெல்டிங் வைத்து அடைத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"அதை அடைச்சா ரோட்டவேட்டர எங்க சார் மாட்டுறது? என் மண்டையிலயா?"

சரி என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கோகிலா மத்தியானம் முழங்கால்வரை சேறாக வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. "வேலுமணி அண்ணன் வண்டி வாய்க்கால்ல எறங்கிருச்சுங்க மாமா. அவங்க தம்பி வண்டியில நம்ம கட்டுப் போட்டு நானே ஏறி இழுத்து உட்டுட்டேன். வண்டி மூக்கு ஒரு சாணு எந்திரிச்சுது, ஆனா வந்துருச்சு."

அவள் கால் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தேன். இன்று இவ்வளவுதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. சிக்கந்தர் தம்மிடம் வேலை செய்பவர்களுக்காக ஆண்டுதோறும் பட்டறையில் பூசை வைக்க விடுவார். பொரி, சுண்டல், வாழைக்கன்று. எங்கள் வண்டி நடுவில் நின்றது. முன்அச்சு பொருத்தியாகிவிட்டது. முன்பக்கம் உயர்ந்து, வேறு வண்டிபோல இருந்தது. மட்காப்பை நிமிர்த்தி வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

வண்டிக்கு முன்னால் வாழையிலையில் சாவிகள், ஸ்பேனர்கள், நடுவே சுருட்டி வைத்த எங்கள் சங்கிலி. அதற்கும் சந்தனம், குங்குமம்.

"ஓட்டுக்கடியில கெடந்துச்சுங்க மாமா. யாரு அங்க கொண்டுபோய்ப் போட்டாங்களோ" என்றாள் கோகிலா. நான் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து சாலையோரத்தில் கொட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

சாஃப்ட் நீளம் பற்றிச் சந்தேகம் இருப்பதாகச் சொல்லி, அதை லேத்தில் மறுபடி கடைய வைத்தேன். சந்தேகம் இல்லை. சிக்கந்தர் அளந்துவிட்டு, "சார், இது நீங்க மொதல்ல குடுத்த அளவேதான்" என்றார். என் தோளைத் தட்டினார். "புள்ளை போன வண்டி. பயமாத்தான் இருக்கும். தெரியுது சார். ஆனா அந்தப் பொண்ணு தெனம் வந்து எப்ப முடியும், எப்ப முடியும்னு நிக்குது. நான் எத்தன தடவ பொய் சொல்றது?"

கோகிலாவுக்கு இந்த வீட்டில் இருந்தே ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குழந்தை இல்லை. தாராபுரத்தில் அண்ணன் இருக்கிறார், மூன்று முறை வந்து கூப்பிட்டார். "மாமாவுக்கு ஆரு இருக்கறாங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்காக இருக்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

கணக்கு. மூன்றாவது குறிப்புக்கான விளக்கத்தை எழுதத் தொடங்கினேன்.

முன்அச்சினால் வண்டியின் முன்பக்கம் இருநூற்று எழுபது கிலோ கூடியிருக்கிறது. ஆகவே மூக்குத் தூக்காது. இதோடு முடித்திருக்கலாம். பழக்கத்தினால் எதிர்ப்பக்கமும் போட்டுப் பார்த்தேன்.

பின்சக்கரம் மட்டும் இழுத்த வண்டியில், பாரம் அதிகமானால் சக்கரம் வழுக்கும். வழுக்கியதால் பல சமயம் வண்டி பிழைத்தது. அதுதான் அதன் ஃபியூஸ். நான்கு சக்கரமும் பிடித்தால் வழுக்காது. வழுக்காத வண்டி, அசையாத பாரம், அச்சுக்கு மேலே கட்டிய சங்கிலி, பதினெட்டுப் பாகை மேடு. இழுப்பு முழுவதும் மூக்கைத் தூக்குவதிலேயே போகும். செங்குத்தைத் தாண்டி மல்லாக்க விழ ஒன்றரை வினாடி. இருக்கையில் இருப்பவர் கிளட்சை மிதிக்க எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே.

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் இதே விடை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு, நோட்டில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த ஆண்டு கிடையாது. வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடைப்பக்கம் பார்த்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கோகிலாவே பட்டறையிலிருந்து ஓட்டிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை சோதனை. ஓடையில் பாதையைப் பாதி அடைத்துக் கிடக்கும் வாகை அடிமரத்தையும் அன்றே இழுத்து மேலே போட்டுவிடலாம், அது கிடந்தால் கலப்பை அந்தப் பக்கம் போகாது என்கிறாள்.

அந்த மரம்தான். சென்ற ஆண்டு நந்தகோபால் இழுக்கப் போனது.

இன்று பேசிவிட வேண்டும் என்று இரண்டு முறை சமையலறை வாசல்வரை போனேன். ஒரு முறை தண்ணீர் கேட்டேன். ஒரு முறை மணி கேட்டேன். என் கையில் கடிகாரம் இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரை மணி. முந்தின நாள் தூறல். மண் ஈரம். கோகிலா, சிக்கந்தர், வேலுமணி, நான்.

முதலில் பாரம் இல்லாமல் ஏற்றம். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. நந்தகோபால் நாற்பது முறை திணறிய மேட்டில், வண்டி ஒரே சீராக ஏறி மறுபக்கம் நின்றது. வேலுமணி துண்டைச் சுழற்றி விசிலடித்தார். "ஏம்மா கோகிலா, இப்புடியே பழனி மலைக்கு ஓட்டிரு! விஞ்சு வரிசையில நிக்க வேண்டியதில்ல!"

கோகிலா வண்டியைத் திருப்பி இறக்கி, மறுபடி மேட்டடியில் நிறுத்தினாள். பின்னால் வாகை மரம், பாதி மண்ணில் புதைந்து. சிக்கந்தர் சங்கிலியை மரத்தில் சுற்றினார். மறுமுனையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தார்.

"கீழயா, மேலயா?"

"இதென்ன கேள்வி பாய்? வாத்தியாரே நிக்கறாரு. வாத்தியார் கட்டுத்தான்" என்றார் வேலுமணி.

சிக்கந்தர் சங்கிலியைப் பூட்டும் இரும்பு ஊசியை மேல்துளையில் செருகினார். டக் என்று ஒரு சத்தம். கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரிதானுங்களா மாமா?"

நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தலையசைத்ததாக அவள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்பிக் கியரைப் போட்டாள்.

நான் போய் மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வேறு எதுவும் தோன்றவில்லை. சங்கிலி என் கால்களுக்கு நடுவே விறைத்தது. "யோவ் சார்!" என்று சிக்கந்தர் கத்தினார். எஞ்சின் நின்றது.

"என்னங்க மாமா? எந்திரிங்க. மரம் உருண்டுரும்."

"கழட்டச் சொல்லு அம்மிணி. அந்தக் கட்டு தப்பு."

"தப்பா? நீங்க சொன்ன கட்டுங்களே அது" என்றார் வேலுமணி. "மூணு வருசமா ஊரே போடுது."

"சமதரையில பாரம் வந்துட்டுது. அதனால யாருக்கும் தெரியலை. மேட்டுல வண்டி மல்லாந்துரும். அன்னைக்கும் அப்படித்தான் மல்லாந்துச்சு."

கோகிலா இருக்கையிலிருந்து இறங்கவில்லை.

"அன்னைக்கு அவரு உங்களுக்குப் போன் பண்ணுனாரு" என்றாள். "நான் இதோ, இங்கதான் நின்னுட்டிருந்தேன். சக்கரம் சுத்துதுன்னு சொன்னாரு. நீங்க என்னமோ சொன்னீங்க. அப்புறம் கீழ மாட்டியிருந்த சங்கிலியக் கழட்டி மேல மாட்டுனாரு. சிரிச்சாரு. வாத்தியாரு சொல்லிட்டாரு, ஏறிருமுன்னு."

"ஆமா அம்மிணி."

"தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே பதினொரு மாதமும் பயந்திருந்தேன் என்பது அவள் கேட்டபோதுதான் புரிந்தது.

"காரியம் முடிஞ்ச மூணாம் நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

"ஆயுத பூசைக்கு முந்தி வேலுமணி அண்ணன் வண்டிய நான் அந்தக் கட்டுல இழுத்தேன். வீட்டுக்கு வந்து உங்ககிட்டச் சொன்னேன்."

"சொன்னே."

"நீங்க ஒண்ணுஞ் சொல்லல."

"இல்லை."

அவள் இறங்கினாள். மேல்துளையிலிருந்து ஊசியைப் பிடுங்கினாள். கீழே குனிந்து, தாழ இருக்கும் பட்டையில் சங்கிலியைத் தானே மாட்டினாள். சிக்கந்தர் உதவ வந்தபோது கையைத் தட்டிவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், முழங்கையைப் பிடித்து மரத்திலிருந்து எழுப்பி, கரையோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். பிடி வலித்தது.

வண்டி இழுத்தது. மரம் மண்ணைப் பிளந்துகொண்டு நகர்ந்தது. மூக்குத் தூக்கவில்லை. பாதி மேட்டில் நான்கு சக்கரமும் ஒருசேர வழுக்கின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி பிடித்தாள். ஏறிவிட்டது. மேட்டின்மேல் வண்டியை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். யாரும் அருகே போகவில்லை.

நவம்பர் 3, திங்கள்

சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல் மேசைமேல் மூடி வைத்திருந்தது. அவள் அக்கரை நிலத்தில் உழுதுகொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் மாறும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன்.

நவம்பர் 4, செவ்வாய்

தாராபுரத்துக்குப் பேசினாள், கதவைச் சாத்திக்கொண்டு. என்ன பேசினாள் என்று தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

நவம்பர் 5, புதன்

காலையில் வந்து நின்றாள். "சட்டை போட்டுட்டு வாங்க."

"எங்கே அம்மிணி?"

"இந்த ஊருல, பக்கத்து ஊருல, ஆருகிட்டவெல்லாம் வண்டி இருக்குதோ அங்கவெல்லாம். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. அது உங்க பேருல இருக்கற கட்டு. உங்க வாயாலதான் சொல்லணும்."

மட்காப்பின்மேல் சாக்கு மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து ஓட்டினாள். வழியெல்லாம் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். வண்டியைப் பற்றிய பயம் அதில் பாதிதான்.

பதினான்கு வீடுகள். முதல் வீட்டில் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். கோகிலா உதவவில்லை, எஞ்சினையும் அணைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். ஒருவர் சிரித்தார்: "போங்க வாத்தியாரே, வயசாயிருச்சு உங்களுக்கு. நேத்துக்கூடப் போட்டு இழுத்தனே!" படம் வரைந்து காட்டினேன். சிரிப்பு நின்றது. மற்றொருவர், "அப்படின்னா உங்க பையன்..." என்று தொடங்கி, கோகிலாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆமா" என்று நானே முடித்தேன். ஒன்பதாவது வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. திண்ணையில் படத்தை வைத்து, மேலே கல் வைத்துவிட்டு வந்தோம்.

திரும்பும்போது அவள் பேசியது ஒன்றுதான். "மழை முடியறவரைக்கும் இருப்பேனுங்க. அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியல."

வீட்டு வாசலில் இறங்கி, சாக்கை மடித்து எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மக்காச்சோள விதைப்பு முடிந்தது. நல்ல மழை. வண்டி அக்கரையில் நிற்கிறது. நாளை அவளே ஓட்டிவருவாள்.

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது குறிப்பு சரியாகவே முடிந்தது. பற்கள் உடையவில்லை. ஐந்தாவதை முடிவு செய்யும் தகுதி எனக்கு எப்போதுமே இருந்ததில்லை, அவள் செய்துகொண்டாள்.

மூன்றாவது தவறு. அந்த வண்டிக்கு முன்சக்கர இழுவை இருந்திருந்தாலும் அன்று அது மல்லாந்துதான் இருக்கும். அவன் தொலைபேசியில், "மேட்டுலயும் சரியா வருமாப்பா?" என்று கேட்டான். நான் தாளை எடுக்கவில்லை. கணக்குப் போடவில்லை. "வரும்" என்றேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாவது குறிப்பின் குறுக்கே கோடு போட்டேன். ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதி, பிள்ளைகளின் பதிவேட்டில் போடுவதுபோல, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.